பச்சை ஆடு வாங்கியவர்

“…அது கிடக்கட்டும் தம்பி, உந்த ஆட்டுக்கு இண்டைக்கு என்ன விலையெண்டு என்னட்டைக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?”

கனடாவிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி விலை கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது. பக்கத்தில் நின்ற எனக்கு வேறு யாரோ கதைப்பது போல இருந்தது. ஒரு பொருளின் விலை தெரியாது என்று அந்த மனிதர் வாயால் வந்து நான் அதற்கு முதல் கேட்டதில்லை. அன்று அந்த வீட்டில் ஏன் அவ்வளவு சனம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைச் சொல்ல வேண்டும்.

எனக்கு உடுவிலில் றோட்டோரமாக ஒரு சின்னக் கடை. போனுக்குக் காசு ரீலோட் போடுவது, போட்டோக்கொப்பி எடுப்பது, கைத்தொலைபேசி பழக்கமில்லாத வயதானவர்களுக்கு வெளிநாட்டு அழைப்பு எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் தொழில். படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிற கதைகளில் ஒன்றையும் நான் தவற விட்டதில்லை. அவர் சொன்னவைதான் என்னிடம் அதிகம் கிடக்கின்றன.

அவர் வங்கியில் நகையை அடைவாக வாங்கிக் கடன் கொடுக்கிற பகுதியில் வேலை செய்து இளைப்பாறியவர். வேலை முடிந்தாலும் கண் இளைப்பாறவில்லை. எதைக் கண்டாலும் முதலில் விலை வரும், பிறகுதான் கதை வரும். நகையைக் கையில் கொடுத்தால் உள்ளங்கையில் வைத்து மெல்ல ஒருதரம் துள்ள விடுவார். அது விழுகிற விதத்திலேயே நிறை சொல்வார். கலியாண வீட்டில் எல்லோரும் பொம்பிளையின் முகத்தைப் பார்த்தால், இவர் தாலிக்கொடியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், “பதினொரு பவுணெண்டு சொல்லியிருப்பினம், ஒம்பதுக்கு மேலை இராது” என்பார். மெல்லத்தான் சொல்வார். ஆனால் காது மந்தமான ஆள் மெல்லச் சொல்வது மூன்று கதிரைக்குக் கேட்கும். அவர் வருவது தெரிந்தால் றோட்டில் நிற்கிற பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வார்கள்.

என் தோட்டையும் விடவில்லை. கடைக்கு வந்த முதல் நாளே, “பிள்ளை, உன்ரை தோட்டிலை செம்பு கொஞ்சம் கூட. வாங்கித் தந்தவரிட்டைச் சொல்லாதை, மனுசன் கவலைப்படும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கடைசி வசனத்தை நினைக்கச் சிரிப்பும் வந்தது. அப்படித்தான் அவர் ஆட்களைப் பிடிப்பது.

அவருக்கு ஒரு தங்கச்சி. கலியாணம் பேசி, நகையெல்லாம் செய்து வைத்த நேரத்தில் மாப்பிள்ளை சண்டைக் காலத்தில் காணாமல் போனார். அதற்குப் பிறகு அவ வேறு பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. அண்ணனும் மனைவி செத்த பிறகு தனியாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருவரை ஒருவர் குத்திக் கதைத்தபடி, ஒருவர் சாப்பிடாமல் மற்றவர் சாப்பிடாதவர்களாக இருந்தார்கள். நான் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கண் காட்டுவதற்காக ஒருமுறை சென்னைக்குப் போன இடத்தில்தான் அவருக்கு இந்தப் படப் பைத்தியம் பிடித்தது. தெரிந்த ஒருவர் மூலம் ஒரு படக்கடைக்காரரின் பழக்கம் வந்திருக்கிறது. இந்திய ஓவியங்களில் காசு போடுகிறவர்களைப் பற்றி அந்தக் கடைக்காரர் விளக்கியிருக்கிறார். நல்ல ஓவியர், வயதானவர், கொஞ்சம் பெயர் கிடைத்தவர், இந்த மூன்றும் சேர்ந்த படத்தை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதானாம். திரும்பி வந்ததும் என் கடையில் கிடக்கிற வாங்கில் குந்தியிருந்து அதை எனக்கு இப்படிச் சொன்னார்:

“பொன் சாகாது பிள்ளை. இண்டைக்கும் வெட்டி எடுக்கிறாங்கள், நாளைக்கும் எடுப்பாங்கள். படம் அப்பிடியில்லை. கீறினவர் கண்ணை மூடினால் அதோடை சரி. பிறகு ஆர் கீறுறது? அண்டைக்கு ஏறும் பார் விலை.”

கையில் இருந்த சேமிப்பு போதவில்லை. தங்கச்சி அலுமாரியைத் திறந்து, கட்டாத கலியாணத்தின் நகையை விற்க எடுத்துக் கொடுத்தா. சங்கிலிக்காக அவ ஒன்றும் சொல்லவில்லை. காப்புச் சோடியைக் கொடுக்கும்போது மட்டும் ஒன்று சொன்னாவாம். அதை அவரே என்னிடம் சொன்னார்.

“காப்பை எனக்குத் திருப்பி எடுத்துத் தரோணும் அண்ணை. போட்டு அனுபவிக்கேல்லை. போகேக்கையாவது கையிலை காப்போடை போறன். கவரிங்கைப் போட்டு என்னை அனுப்பிப்போடாதை. நகைக்காரன்ரை தங்கச்சி கவரிங்கோடை போனவ எண்டு ஊர் சிரிக்கும்.”

அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த ஆடு. பார்க்கப் போன எல்லோருக்கும் ஏமாற்றம். மூன்று முழ நீளத்தில் ஒரு ஆடு, அதுவும் பச்சை நிறம். காலடியில் புல் இல்லை. கழுத்துக் கயிறு நீண்டு படத்துக்கு வெளியே போய்விடுகிறது, பிடித்திருப்பவரைக் காணவில்லை. அயல்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “உந்தக் காசுக்குப் பத்து ஆடு வாங்கியிருந்தால் பாலாவது கறக்கலாமே” என்றார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “சின்னனிலை தோரண ஓலையிலை காப்புப் பின்னித் தந்து, பொன் காப்பெண்டு என்னை ஏமாத்தினவர். கிழவனாகியும் விடேல்லை. என்ரை காப்பு இப்ப ஆடாகிச் சுவரிலை நிக்குது” என்றா. அவர் சிரித்தார். அந்த நாளில் எல்லோரும் சிரித்தோம்.

மாதம் பிறந்தால் கடைக்கு வருவார். ஆட்டைக் கீறிய சென்னை ஓவியரின் இலக்கத்தைக் காட்டி எடுத்துத் தரச் சொல்வார். காது மந்தமானபடியால் ஸ்பீக்கரில்தான் போட வேண்டும். எனக்கு எல்லாம் கேட்கும்.

“ஐயா, சுகமோ? சாப்பிடுறியளோ? நித்திரை வருதோ? இருமல் எப்பிடி?”

“இருக்கேன் சார். இருமல்தான் விட மாட்டேங்குது.”

நான் எவ்வளவு அன்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வைத்த பிறகு ஒருநாள் அவர் தனக்குள் சொல்வது போல, “இருமல் கூடித்தான் கிடக்கு” என்றார். அந்தக் குரலில் ஒரு கணக்கு இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“அண்ணை, உது பாவமில்லையோ?” என்றேன்.

“என்ன பாவம்? காப்புறுதிக்காரனும் உதைத்தானே பாக்கிறான். நான் அவரைச் சாகச் சொல்லேல்லை பிள்ளை. இருக்கிறாரோ எண்டுதான் பாக்கிறன்.”

சொல்லிவிட்டு எழும்பிப் போனார். ஆனால் அன்று வழமையாக என் போட்டோக்கொப்பி மெசினுக்குச் சொல்கிற விலையைச் சொல்லாமல் போனார்.

பிறகு ஒரு மாதம், நலம் கேட்டு முடிய ஓவியர் கேட்டார்.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா? நான் இன்னும் இருக்கேனான்னு பாக்கத்தானே மாசாமாசம் போன் பண்றீங்க?”

இவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொலைபேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, “ஓம் ஐயா” என்றார்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாகி, இருமல் அடங்கி மறுபடி சிரிப்பாக வந்தது.

“நல்லது சார். பொய் சொல்லியிருந்தீங்கன்னா போனை வெச்சிருப்பேன். பையன் அமெரிக்கால இருக்கான். தீபாவளிக்குப் பேசுவான். வாங்கினவங்க யாரும் அப்புறம் திரும்பிப் பாக்கறதில்ல. நீங்க ஒருத்தர்தான் இருமல் வரைக்கும் கேக்கறீங்க. என்ன காரணமா இருந்தா என்ன, கேளுங்க.”

அன்று அவர் என் கடையில் வெகுநேரம் இருந்தார். வெயில் தாழ்ந்த பிறகுதான் போனார். அடுத்த கிழமையே திரும்பி வந்தார். மாதம் பிறக்கவில்லையே என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைத்த கதை கொஞ்சநஞ்சமில்லை. ஓவியர் இட்லிக்கு எது நல்ல சட்னி என்பார், இவர் சம்பலை விட்டால் வேறென்ன என்பார். ஒருநாள் இவர் பெரிய சந்தேகம் போல, “ஐயா, அந்த ஆட்டின்ரை கயித்தை ஆர் பிடிச்சிருக்கிறது?” என்று கேட்டார். “வாங்கினவர்தான் சார். விட்டுடாதீங்க” என்றது அந்தக் குரல்.

இருமலுக்கென்று பனங்கற்கண்டு போனது. பலாலியில் சென்னைக்கு விமானம் ஏறுகிறவர்கள் யாரென்று விசாரித்து, வீடு தேடிப் போய், கையில் ஒரு பொதியைக் கொடுத்துவிட்டு வருவார். பிறகு வேப்பம்பூ வடகமும் போனது. அதைச் செய்தது அக்கா. என் கடை வாசலில் வைத்தே அவரைக் குத்துவா: “ஆள் போனால் காசெண்டு வாங்கிப்போட்டு, இப்ப ஆளைப் போக விடாமல் வடகம் அனுப்புறார். பிறகு என்ரை காப்பு எப்ப வாறது?”

சொல்லிவிட்டு, வடகம் நொறுங்காமல் இருக்கப் பொதிக்கு இன்னொரு தாள் சுற்றச் சொல்லி என்னிடம் தருவா. ஓவியரும் ஒருநாள் அவவைக் கேட்டு வாங்கிக் கதைத்தார். “தங்கச்சி, உங்க வடகத்தை நான் சோத்துக்குத் தொட்டுக்கறதில்ல, சும்மாவே தின்னுடறேன்” என்றார். அவ, “எண்ணெய் கூட விடாதேங்கோ” என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை என்னிடம் நீட்டினா. முகம் முழுக்கச் சிரிப்பு.

இதற்குள் நாட்டில் டொலர் ஏறி, எல்லாவற்றுக்கும் வரிசை வந்து, பொன்னின் விலை கண் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. வாழ்நாள் முழுக்கப் பொன்னை நிறுத்தவர் பொன்னை விற்ற பிறகு அது நடந்தது. நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் அவர் நிற்பதை நான் ஒருநாள் ரவுண் கடைத்தெருவில் கண்டேன். உள்ளே போகவில்லை. காப்புகளை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “சும்மா பாத்தனான்” என்றார். விலை சொல்லவில்லை.

அடுத்ததாக அக்காவுக்கு உடம்பு வருத்தம் வந்தது. இங்கே ஒருவர் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு மருந்தேற்றப் போகிறார் என்றால் பிறகு யாரும் என்ன வருத்தம் என்று கேட்க மாட்டார்கள். தலைமுடி உதிர்ந்து, துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஓட்டோவில் போய் ஓட்டோவில் வருவா. கை மெலிந்து மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. வாய் மட்டும் மெலியவில்லை.

“மெய்யே அண்ணை, உங்கடை ஐயாவும் இருமுறார், நானும் போய்வந்து கிடக்கிறன். ஆர் முந்துறது எண்டு பாப்பம்” என்பா. அவர் எழும்பி வெளியே போய்விடுவார். படத்தை வாங்கியவர் எந்தப் பக்கம் நிற்பது? ஓவியர் இருந்தால் தங்கச்சிக்குக் காப்பில்லை. தங்கச்சிக்குக் காப்பு வேண்டுமென்றால் ஓவியர் இருக்கக் கூடாது. அவர் இருவரையும் இருக்கச் சொல்லித்தான் கோயிலுக்கு நேர்ந்திருந்தார் என்று பிறகு அறிந்தேன்.

அந்த நாள் எனக்கு நல்ல நினைவு. மருந்தேற்றிவிட்டுத் திரும்பும் வழியில் இருவரும் கடையில் இறங்கினார்கள். அக்காவை வாங்கில் இருத்திவிட்டு ஓவியரின் இலக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். எடுத்தது வேறு குரல். அந்தப் படக்கடைக்காரர்.

“சார், நானே உங்களுக்குப் பேசணும்னு இருந்தேன். பெரியவர் இன்னைக்குக் காலைல தவறிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு, கஷ்டமில்ல. சார், கேக்குதா? மும்பைல ஒரு பார்ட்டி ரெடியா இருக்கு. நீங்க நினைச்சதுக்கு மேலயே வரும். ஆனா இப்பவே குடுத்துடணும். பையன் ஃப்ளைட் ஏறிட்டான். அவன் வந்து வீட்டைத் திறந்தா என்ன ஆகும்னு சொல்ல முடியாது. ஓகேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவர் காத்திருந்த செய்தி இதுதான். அவர் தங்கச்சியின் வெறும் கையைப் பார்த்தார். அவ அதைக் கவனித்து, கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டா. பிறகு முன்னுக்குக் குனிந்து தொலைபேசியிடம் சொன்னா:

“தம்பி, இது துடக்கு வீடு. முப்பத்தொண்டு கழியட்டும். அதுக்குப் பிறகு கதைப்பம்.”

“தீட்டாம்மா? நீங்க சொந்தமா?”

“ஓம்” என்றா அக்கா.

செத்தவீட்டுத் துடக்கு கழியும் வரை நல்லது பெரியது செய்ய மாட்டோம், வாங்கல் விற்றல் வைக்க மாட்டோம். ஆனால் துடக்கு இரத்த உறவுக்குத்தான். அயலில் சிரித்தார்கள், ஆடு கீறினவருக்குத் துடக்கு காக்கினமாம் என்று. கோயில் ஐயரே, உங்களுக்கு அந்தத் துடக்கில்லை, கோயிலுக்கு வாருங்கோ என்று சொல்லிப் பார்த்தார். இவர் போகவில்லை. கேட்டதற்கு, “மாசாமாசம் அந்த மனுசன் போய்ட்டாரோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தவன் நான். நான் காக்காமல் வேறை ஆர் காக்கிறது?” என்றார். முப்பத்தோராம் நாள் பச்சை ஆட்டுக்குக் கீழே வாழையிலை போட்டுப் படைத்தார்கள். இலையில் வேப்பம்பூ வடகம் ஒரு குவியல். அதைச் சும்மாவே தின்கிறவர் என்று சொல்லிச் சோற்றிலிருந்து தள்ளி வைத்தது அக்காதான்.

மறுநாள் சென்னைப் படக்கடைக்காரருக்கு அழைப்பு எடுத்தோம். மகன் வந்து, வீட்டைத் திறந்து, தகப்பன் அடுக்கி வைத்திருந்த படங்கள் அத்தனையையும் ஒரேயடியாக விற்பனைக்கு விட்டுவிட்டாராம். மும்பைக்காரர் பின்வாங்கிவிட்டார். “அதுல ஆடே ஏகப்பட்டது சார். பச்சை ஆடும் இருக்கு. வெச்சிருங்க, ஒரு பத்து வருஷம் போகட்டும்” என்றார் கடைக்காரர்.

அவர் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுத் தங்கச்சியைப் பார்க்காமல் நின்றார்.

“மனுசன் ஒரு பட்டியே வைச்சிருந்திருக்கிறார், எங்களுக்குச் சொல்லேல்லை பாத்தியளே” என்று அக்கா சிரித்தா. சிரிக்க மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். பிறகு, “அண்ணை, அதை விடுங்கோ. வீட்டை போவம்” என்றா.

பத்து வருடம் இருக்கிற உடம்பா அது. அந்த மாரி முடிய முதலே அக்கா போய்விட்டா.

நான் தொடக்கத்தில் சொன்ன சனம் அந்தச் சாவுக்கு வந்த சனம். அக்காவைக் குளிப்பாட்டி, அவவுக்குப் பிடித்த மாம்பழ நிறச் சேலை உடுத்தி முன் ஹோலில் கிடத்தினோம். தலைமாட்டில் விளக்கு, சுவரில் ஆடு. அயல்வீட்டுக்காரி அக்காவின் வெறும் கைகளை நேராக்கி வைத்துவிட்டு, “கை பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு அண்ணை. என்ரை கவரிங் காப்பு ரெண்டு கிடக்கு. போட்டு விடட்டோ? ஆருக்கும் தெரியவராது” என்றா.

“வேண்டாம் பிள்ளை” என்றார். “அவ வேண்டாமெண்டவ.”

அந்த நேரம் பார்த்துத்தான் கனடாக்காரர், கதையை மாற்ற நினைத்தாரோ என்னவோ, படத்தைக் காட்டி விலை கேட்டார். இவர் வாழ்க்கையில் முதல்தரமாக விலை தெரியாத மனிதராக அந்தப் பதிலைச் சொன்னார். சொல்லிவிட்டு எழும்பி வாசலுக்குப் போனார். படலையடியில் பெடியள் குருத்தோலையைக் கிழித்துச் சாவீட்டுத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குருத்தைக் கேட்டு வாங்கினார். வாசற்படியில் இருந்து, ஈர்க்கை உருவிப் போட்டுவிட்டு, ஓலையை இழை இழையாகக் கிழித்துப் பின்னத் தொடங்கினார். பின்னல் ஓரிடத்திலும் தவறவில்லை. இரண்டு காப்பு முடிந்ததும் உள்ளங்கையில் வைத்து, பழைய பழக்கத்தில், மெல்ல ஒருதரம் துள்ள விட்டுப் பார்த்தார். உள்ளே வந்து தங்கச்சிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து இரண்டு கைகளிலும் போட்டார். வலக்கைக் காப்பு மெலிந்த மணிக்கட்டில் தொளதொளவென்று கிடந்தது. அதைக் கழற்றினார். ஓர் இழையை இழுத்து இறுக்கினார். அளவு பார்த்து, திரும்பவும் போட்டுவிட்டார்.